நான்கு டாக்டர்கள், நான்கு பதில்கள்: வலிப்பு நோயை உறுதி செய்வதில் ஏன் இத்தனை குழப்பம்?

பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு ஐந்தரைக்கே எழுந்த என் அக்கா மகள், அடுக்களை வாசலில் நின்றபடியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் யார் என்ன கேட்டாலும் மலங்க மலங்க விழித்தாள்.

ஊர் டாக்டர், வெறும் வயிற்றோடு நின்றதால் வந்த மயக்கம் என்றார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் விழுந்தாள். மாவட்டத் தலைநகரில் பார்த்த நரம்பு மருத்துவர் "ஃபிட்ஸ்தான்" என்று கார்பமசெபைன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., ஸ்கேன் இரண்டும் நார்மல் என்று வந்தன. அந்தக் காகிதங்களோடு பெரிய ஊருக்குப் போனால், அங்கே இருந்தவர், "எல்லாம் நார்மலாக இருக்கிறதே, இது பரீட்சை பயம், மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு அக்கா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "படிச்சவங்க மூணு பேரு மூணு மாதிரி சொன்னா நான் யாரைத்தான் நம்புறது தம்பி?"

இந்தக் கேள்வியோடு அலைகிற குடும்பங்கள் ஏராளம். நானும் அக்காவுக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது இது: அந்த மூன்று பேரும் ஒரே சம்பவத்தைப் பார்த்து மூன்று விதமாகச் சொல்லவில்லை. மூவருமே சம்பவத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்குச் சொல்லப்பட்ட கதையை வைத்துப் பதில் சொன்னார்கள். கதை ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது.

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே இருக்கிறது. வலிப்பு நோய்க்கு அப்படி "ஆம், இல்லை" என்று சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மூளையின் மின்னோட்டம் ஓரிரு நிமிடம் தறிகெட்டு, பிறகு தானாக அடங்கிவிடுகிறது. நோயாளி டாக்டர் முன்னால் உட்காரும்போது நன்றாக இருக்கிறார். நடந்தது அவருக்கே தெரியாது. பார்த்தவர் பயந்துபோய்ப் பார்த்தவர். இந்தச் சாட்சியத்தை வைத்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

ஒரு முறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோயா?

குழப்பத்தின் ஒரு பகுதி வார்த்தையிலேயே இருக்கிறது. நாம் வலிப்பு என்றும் வலிப்பு நோய் என்றும் ஒரே அர்த்தத்தில் பேசுகிறோம். மருத்துவத்தில் இரண்டும் வேறு. வலிப்பு ஒரு நிகழ்வு. வலிப்பு நோய் என்பது அந்த நிகழ்வு உடனடித் தூண்டுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் தன்மை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வருவது, ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ சடாரென்று இறங்கும்போது வருவது, நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வருவது, தலையில் அடிபட்ட முதல் வாரத்துக்குள் வருவது, இவையெல்லாம் வலிப்புதான். ஆனாலும் இவற்றை வைத்து வலிப்பு நோய் என்று சொல்வதில்லை.

பழைய விதி எளிதானது: தூண்டுதல் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய். உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2014இல் இதை விரித்தது. ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், அடுத்த பத்தாண்டுகளில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்று இ.இ.ஜி., ஸ்கேன் போன்றவற்றிலிருந்து தெரிந்தால், அப்போதே வலிப்பு நோய் என்று சொல்லலாம். குறிப்பிட்ட வலிப்பு வகையின் அடையாளங்கள் தெளிவாக இருந்தாலும் சொல்லலாம்.

நல்ல மாற்றம்தான். ஆனால் முன்பு எண்ணிப் பார்த்தால் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது கணிப்பு வந்துவிட்டது. ஒரே நோயாளிக்கு ஒரு மருத்துவர் "மாத்திரை ஆரம்பிப்போம்" என்பார், இன்னொருவர் "பொறுத்துப் பார்ப்போம்" என்பார். இரண்டு பேருமே விதிக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட கருத்து வேறுபாட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முதல் வலிப்புகளுக்குப் பிறகு உடனே மருந்து தொடங்கியவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பிரிட்டன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வொன்று 2005இல் வெளியானது. உடனே மருந்து தொடங்கினால் அடுத்த வலிப்பு தள்ளிப்போகிறது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து வலிப்பில்லாமல் இருப்போரின் அளவில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தேகம் உள்ள இடத்தில் கொஞ்சம் காத்திருப்பதால் மூளை கெட்டுப்போய்விடாது என்பதை அக்காவுக்கு நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இதில் கைக்குழந்தைகள் விதிவிலக்கு. நான்கைந்து மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து கையை விரித்து, வணக்கம் சொல்வதைப் போலத் தொடர்ச்சியாகக் குலுங்கினால், அதை வயிற்று வலி என்றும் உரம் விழுந்துவிட்டது என்றும் வீட்டில் சொல்வார்கள். அது சிசு வலிப்பாக இருக்கலாம். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனுக்கு இப்படி வருவதைக் கண்டு, யாராவது வழி சொல்வார்களா என்று லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். இங்கே காத்திருக்கவே கூடாது. செல்போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பு போலத் தெரிவதெல்லாம்

கை கால் வெட்டினால் ஃபிட்ஸ், வெட்டாவிட்டால் மயக்கம். நம் எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு இதுதான். இது தப்புக் கணக்கு. ஜெர்மனியில் ஆரோக்கியமான ஆட்களை வேண்டுமென்றே மயங்கி விழச் செய்து வீடியோ எடுத்தார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில், முழுமையாக மயங்கிய 42 பேரில் 38 பேருக்குக் கை கால் வெட்டியது. கண் மேலே செருகியது, சிலர் முனகினார்கள். அவர்களில் யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. மூளைக்கு ரத்தம் சில நொடி குறைந்தால் உடம்பு அப்படித்தான் செய்யும்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? முன்னும் பின்னும்தான் முக்கியம். கோயில் வரிசையில் நெடுநேரம் நின்று, கண் இருட்டிக்கொண்டு வந்து, வியர்த்து, முகம் வெளுத்து விழுபவர், படுக்க வைத்ததும் அரை நிமிடத்தில் தெளிந்து "என்ன ஆச்சு?" என்று சரியாகப் பேசினால் அது பெரும்பாலும் மயக்கம். வலிப்பில் முகம் நீலம் பாயும், இழுப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும், நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருக்கும், தெளிய கால் மணியோ அரை மணியோ ஆகும், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிக்கும். சிறுநீர் போய்விட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது இரண்டிலும் போகும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கக்கூடிய ஒன்று ஒளிந்திருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கு திடீரென்று கெட்டாலும் ஆள் விழுவார், வெட்டி இழுக்கும். ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். அதற்கான முதல் படியான இ.சி.ஜி. ஐந்து நிமிட வேலை. சாதாரண ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. இருந்தும் இரண்டு எம்.ஆர்.ஐ. எடுத்தும் ஒரு இ.சி.ஜி. கூட இல்லாத ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை விழுந்த எவருக்கும் இது கட்டாயம்.

அப்புறம், மூளையில் மின்கோளாறு இல்லாமலே வரும் வலிப்பு ஒன்று உண்டு. பழைய ஆட்கள் ஹிஸ்டீரியா என்றார்கள். இப்போது செயல்பாட்டு வலிப்பு என்கிறார்கள். கண்ணை இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, இழுப்பு நின்று நின்று வந்து பத்து இருபது நிமிடம் நீள்வது, நடுவே அழுவது ஆகியவை அதன் பக்கம் கைகாட்டும் அடையாளங்கள். இது நடிப்பு இல்லை. அந்த ஆளின் கட்டுப்பாட்டில் அது இல்லை. வலிப்பு மாத்திரைக்கு அது கேட்காது, மனநல சிகிச்சைக்குக் கேட்கும். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்று சிறப்பு மையங்களுக்கு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ உண்மையில் இதுதான் இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், இதைச் சரியாகக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஏழு ஆண்டும் அவர்கள் தேவையில்லாத மருந்தை விழுங்கியிருப்பார்கள்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கிறது. மூளையின் முன்மடலில் தொடங்கும் வலிப்பு பார்க்க விசித்திரமாக இருக்கும்: தூக்கத்தில் எழுந்து காலை உதைப்பது, சைக்கிள் மிதிப்பது போல் ஆட்டுவது, கத்துவது, அரை நிமிடத்தில் நின்றுவிடுவது. சில சமயம் அந்த நேரத்தில் எடுத்த இ.இ.ஜி.யிலும் ஒன்றும் தெரியாது. "பேய் பிடித்திருக்கிறது" என்று வீட்டிலும், "மனப் பிரச்சினை" என்று ஆஸ்பத்திரியிலும் இவர்களுக்குப் பெயர் விழுகிறது. போதாக்குறைக்கு, ஒரே ஆளுக்கு வலிப்பு நோயும் செயல்பாட்டு வலிப்பும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது இரண்டு மருத்துவர்களும் சொன்னது சரியாகவே இருக்கும்!

இந்த முடிவுகள் எவ்வளவு பெரிய அளவில் பிசகலாம் என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் சாட்சி. அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவர் 1990களில் பார்த்த குழந்தைகளின் கோப்புகளை, புகார்கள் எழுந்த பிறகு 2001 தொடங்கி மறு ஆய்வு செய்தார்கள். 1,948 குழந்தைகளில் 618 பேருக்கு நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. வலிப்பு நோய் இல்லாத பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டு வகுப்பில் தூங்கி வழிந்திருக்கிறார்கள். தனியாக ஒருவர், சக மருத்துவர்களின் குறுக்குக் கேள்வி இல்லாமல் முடிவெடுத்துக்கொண்டே போனால் இப்படி ஆகும். இரண்டாவது மருத்துவர் மாற்றிச் சொல்கிறார் என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் லெஸ்டரை நினைத்துக்கொள்கிறேன். அங்கே மாற்றிச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

இயந்திரம் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லி, மண்டை முழுக்க ஒயர் ஒட்டி, அரை மணி நேரம் எடுக்கிறார்களே, அந்த இ.இ.ஜி.யின் மீது நமக்கிருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே முதல் இ.இ.ஜி. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நார்மலாக வரும். அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். இரவு தூக்கத்தைக் குறைத்துவிட்டு, மறுநாள் தூங்கும்போதும் சேர்த்து எடுத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மூன்று முறை எடுத்தால் இன்னும் கூடுகிறது.

மறுபக்கம் இன்னும் ஆபத்து. பிரிட்டிஷ் விமானப் படையில் பயிற்சிக்கு வந்த 13,658 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இ.இ.ஜி. எடுத்ததில் 69 பேருக்கு வலிப்பைக் காட்டும் அலைகள் இருந்தன. அவர்களில் வலிப்பு நோயாளி ஆனவர் அரிது. குழந்தைகளில் இந்த அளவு இன்னும் அதிகம். தூக்கக் கலக்கத்தில் வரும் இயல்பான கூர் அலைகளையே வலிப்பு அலை என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. மயக்கம் போட்டு விழுந்த ஒரு பெண்ணின் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் கிடைத்துவிட்டால், பிறகு எந்த மருத்துவரும் அதை அழிக்கத் துணிய மாட்டார். ரிப்போர்ட் மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்யும்; அலைகள் பதிவான மூலக் கோப்பு எடுத்த இடத்திலேயே கிடக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் தன் கண்ணால் அலைகளைப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

எம்.ஆர்.ஐ.யிலும் இதே கதைதான். ஜெர்மனியின் பான் நகர மையம் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு உள்ள நோயாளிகளின் மூளைக் கோளாறு, வழக்கமான எம்.ஆர்.ஐ.யை வலிப்புத் துறை வல்லுநர் அல்லாதவர் படித்தபோது 39 சதவீதம் பிடிபட்டது. அதே படங்களை வலிப்புத் துறை வல்லுநர் படித்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே மெல்லிய வெட்டுகளாக எடுத்து வல்லுநர் படித்தபோது 91 சதவீதம். "ஸ்கேன் நார்மல்" என்ற வார்த்தைக்கு எடை போடும் முன், எப்படி எடுத்தது, யார் படித்தது என்று கேட்க வேண்டும்.

வேலூரில் தீர்ந்த ஒரு சர்ச்சை

மருத்துவர்கள் உடன்படாதபோது எது அதைத் தீர்க்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 1980களில் இந்தியாவில் சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கியபோது, வலிப்போடு வந்த இளைஞர்கள் பலரின் மூளையில் சின்னதாக ஒரு வளையம் தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு. ஆகவே அது காசநோய்க் கட்டி என்று பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். திரும்ப ஸ்கேன் எடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று தோன்றும். ஆனால் காசநோய் மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் அது மறைந்தது. அப்போதுதான் சண்டை வலுத்தது.

வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி முதலிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்தச் சின்ன வளையத்தையே துல்லியமாகக் குறிவைத்து எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலானவை காசநோய் இல்லை. நாடாப்புழுவின் லார்வா மூளையில் தங்கிச் செத்துக்கொண்டிருந்த இடங்கள். அதன் பிறகு 1993இல் அவர்கள் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருந்து, நோயாளியின் கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடாமலும் இருந்தால் அது பெரும்பாலும் புழுக்கட்டி. எத்தனையோ பேர் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் தலை அறுவையிலிருந்தும் தப்பித்தது இதனால்தான்.

இடையில் ஒரு வார்த்தை. இந்த நாடாப்புழு பன்றிக்கறி வழியாகப் பரவுவது என்பதால், அதைச் சாப்பிடாதவர்களுக்கு இது வராது என்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்குப் போவது, நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, கை வழியாக வரும் முட்டை. சுத்த சைவக்காரருக்கும் வரும்.

இந்த வேலூர்க் கதையில் எனக்குப் பிடித்தது, சர்ச்சையைத் தீர்த்தது எந்தப் பெரிய டாக்டரின் பேரும் இல்லை என்பது. இரு தரப்பும் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஒன்று வந்தது, தீர்ந்தது. நோயாளியின் குடும்பமும் கேட்க வேண்டியது அதைத்தான். "அந்த டாக்டர் சரியா, நீங்கள் சரியா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் முகம் சுளிப்பார். "எதை வைத்து இப்படி நினைக்கிறீர்கள், எது தெரிந்தால் உங்கள் முடிவு மாறும்?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் உட்கார்ந்து விளக்குவார்.

டம்ளர் கேள்வி

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். கார்பமசெபைன் தொடங்கிய பிறகு அவளுக்குக் காலை நேரத் தடுமாற்றம் அதிகமாகிவிட்டது. பரீட்சை டென்ஷன் கூடிவிட்டது என்று நாங்களும் நம்பிக்கொண்டோம். நான்காவதாகப் பார்த்த மருத்துவர் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, அவளிடம் நேராகக் கேட்டார்: "காலையில் எழுந்ததும் கையிலிருந்து ஏதாவது தவறி விழுமா? காப்பி டம்ளர், சீப்பு, பல் விளக்கும் பிரஷ்?"

அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக வீட்டில் அது பெரிய சண்டை. "கையில் பிடிமானமே கிடையாது, எப்போ பார்த்தாலும் காப்பியைக் கொட்டுவாள்" என்று தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கை சட்டென்று தூக்கிப்போடும், டம்ளர் பறக்கும், நினைவு தப்பாது. அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய மூன்று பேரும் கேட்கவும் இல்லை.

அந்த வெட்டுதான் விடை. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி என்று பெயர். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும். தூக்கம் எழுந்த சற்று நேரத்தில் கைகள் வெட்டும். தூக்கம் கெட்ட நாட்களில் முழு வலிப்பாகவே வரும். எம்.ஆர்.ஐ. நார்மலாகத்தான் இருக்கும். தூக்கத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எடுத்த இ.இ.ஜி.யில் அதற்குரிய அலை இருபக்கமும் வந்தது. பரீட்சை பயம் என்றவரும் முழுக்கத் தவறவில்லை: பரீட்சை அவளைத் தூங்கவிடவில்லை, தூக்கமின்மை வலிப்பைக் கொண்டுவந்தது. ஃபிட்ஸ் என்றவர் சொன்னதும் சரி. ஆனால் அவர் வகையைப் பிரிக்கவில்லை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு நல்ல மருந்தான கார்பமசெபைன் இந்த வகையில் கை வெட்டை அதிகமாக்கக்கூடியது.

அதனால்தான் "வலிப்பு நோய் இருக்கிறது" என்பதோடு கேள்வி முடிவதில்லை. எந்த வகை என்று தெரிய வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் இந்த வகைக்கு மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் கர்ப்ப காலத்தில் தாய் அதை எடுத்தால் நூற்றில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடும், முப்பது நாற்பது குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கலும் வரலாம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு மருந்து எழுதும்போதே இதைப் பேச வேண்டும். அந்த மருத்துவர் பேசினார், லெவெடிராசெடாம் என்ற வேறு வலிப்பு மருந்தைத் தொடங்கினார்.

உங்கள் வீட்டில் இதே நிலை என்றால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அடுத்த டாக்டரைத் தேடும் முன் சாட்சியத்தைச் சேருங்கள். நேரில் பார்த்தவரைக் கூடவே கூட்டிப்போங்கள். அவர் வர முடியாவிட்டால் மருத்துவர் அறையிலிருந்து அவருக்குப் போன் போடுங்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, கண் திறந்திருந்ததா, பேச்சு தெளிய எவ்வளவு நேரம் என்று அன்றே எழுதி வையுங்கள். "ஃபிட்ஸ் வந்துச்சு" என்று சொல்லாதீர்கள், அது முடிவு; நடந்ததைச் சொல்லுங்கள். ஒருவர் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். அந்த ஒரு நிமிட வீடியோ பத்து ரிப்போர்ட்டைவிட உதவும். முகமும் கைகால்களும் தெரிய எடுங்கள். சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் வைக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் 108.

அடிக்கடி வருகிறது, மருந்துக்கும் அடங்கவில்லை, இரண்டு நிபுணர்கள் இன்னும் உடன்படவில்லை என்றால் வீடியோ இ.இ.ஜி. கேட்கலாம். நாட்கணக்கில் படுக்கவைத்து, கேமராவும் அலைப் பதிவும் ஒரே நேரத்தில் ஓடும். சம்பவம் அங்கேயே வந்துவிட்டால் பெரும்பாலும் கேள்வி தீர்ந்துவிடும். வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் இந்த வசதி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருபவருக்கு இது உதவாது. அவர்களுக்கு "இன்னும் உறுதியாகவில்லை" என்பதே இப்போதைய நேர்மையான பதிலாக இருக்கலாம். அப்படிச் சொல்லும் மருத்துவரை விட்டு ஓடாதீர்கள். ஒரு டாக்டர் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார் என்பதற்காக, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவசரப்பட்டு ஒட்டிய பெயர் எளிதில் உரியாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஓட்டுநர் உரிமப் படிவத்தில் வலிப்பு பற்றிக் கேட்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாகவே இருந்தது. 1999இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது. பெண் பார்க்க வரும் வீடுகள் எல்லாம் இன்னும் மாறவில்லை. இல்லாத நோயின் பெயரைச் சுமப்பதும் கொடுமை. இருக்கும் நோயைப் பயம், பேய் என்று மறைத்து மருந்தில்லாமல் விடுவதும் கொடுமை.

அக்கா மகள் இப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். பதினொரு மணிக்கு மேல் விழித்திருப்பதில்லை. ஃபைலின் முதல் தாளில் நான்காவது மருத்துவர் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது: வலிப்பு வகையின் பெயர், அவளுக்குத் தரக்கூடாத மருந்துகளின் பெயர்கள். அதைப் படம் எடுத்து அறைத்தோழிக்கும் வார்டனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறாள்.